மண்வெட்டி எடுக்குமுன் நாடியைப் பார்ப்போம்

சில மாதங்களுக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்குப் போயிருந்தோம். வலிகாமம் வடக்கில் மிளகாயும் வெங்காயமும் செய்த குடும்பம். 1990 இல் ஊரை விட்டு வெளிக்கிட்டவர்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே எழும்பி நடந்தபோது இரண்டாம் முறையும் இடம்பெயர்ந்து, வன்னி வழியாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்தவர்கள். வீட்டுக்கார ஐயாவுக்கு அறுபது வயது கடந்துவிட்டது. அன்று அவர் முகம் மலர்ந்திருந்தது.

“காணி விட்டிட்டாங்கள் தம்பி. வாற கிழமை போறன். பற்றை முழுக்க நானே வெட்டுவன்” என்றார்.

“பிறசர், சீனி எல்லாம் பார்த்தனீங்களோ ஐயா?” என்று கேட்டோம்.

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தோட்டம் கொத்தின உடம்பு இது.”

அன்று லிப்ட் வேலை செய்யவில்லை. சந்தைக்குப் போய்த் திரும்பிய அவரோடு மூன்றாம் மாடிக்கு ஏறினோம். இரண்டாம் மாடியில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நெற்றியில் வியர்வை. “வாய்வு” என்றார். கதவைத் திறந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: “இரண்டு மாதமாய் இப்பிடித்தான். ஏறினால் நெஞ்சை இறுக்குதாம். இருந்தால் விட்டிடுதாம்.”

வலிகாமம் வடக்குக் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. இன்னும் விடுவிக்கப்படாதவையும் உண்டு. எந்த ஊர்க்காரராயினும், பல வருடங்கள் கழித்து மண்ணுக்குத் திரும்பும் ஒருவர் தன் உடலைப் பற்றி அறிந்திருக்க வேண்டிய ஒன்றை இந்தப் பாடத்தில் படிப்போம். அது நாடித் தடிப்பு நோய். மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் பெரும்பாலும் இதுவே அடிப்படை.

1. நாடிக்குள் நடப்பது என்ன?

இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்களை நாடிகள் என்கிறோம். தோட்டத்துக்கு வாய்க்கால் எப்படியோ, உடலுக்கு நாடி அப்படி. இதயம் தானும் ஒரு தசைதான். அதற்கும் நீர் பாய வேண்டும். அதற்கென்று உள்ளவை முடியுரு நாடிகள்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியில் சுண்ணாம்பு படிவதைக் கண்டிருக்கிறோம். நாடியிலும் கொழுப்பு அப்படித்தான் படிகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மை. கேத்திலில் படிவது உட்பக்கத்தின் மேலே. நாடியிலோ கொழுப்பு சுவருக்கு உள்ளே புகுந்து தங்குகிறது. உயர் அழுத்தம், புகை, சீனி முதலியவற்றால் நாடியின் மெல்லிய உட்தோல் பழுதடையும்போது, குருதியிலுள்ள கெட்ட கொலஸ்திரோல் அதனூடாகச் சுவருக்குள் இறங்குகிறது. அதை அகற்ற வரும் வெண்கலங்கள் அதை விழுங்கி, வீங்கி, அங்கேயே மடிகின்றன. நாளடைவில் சுவருக்குள் கூழ் போன்ற ஒரு கட்டியும், அதன்மேல் கடினமான ஒரு மூடியும் உண்டாகின்றன. இந்த நோய்க்கு ஆங்கில வைத்தியத்தில் வழங்கும் அதிரோஸ்கிளெரோசிஸ் என்ற பெயரில் கிரேக்க மொழிச் சொற்கள் இரண்டு உள்ளன. ஒன்றின் பொருள் கூழ். மற்றதன் பொருள் கடினம்.

இந்தக் கட்டி இரண்டு வகையில் துன்பம் தரும். முதலாவது, மெல்ல மெல்ல வளர்ந்து வழியை ஒடுக்குவது. சும்மா இருக்கும்போது குருதி போதும். படி ஏறும்போதும் பாரம் தூக்கும்போதும் போதாது. அப்போது நெஞ்சு இறுகும். ஓய்ந்தால் விடும். ஐயாவுக்கு நடந்தது இதுதான். இரண்டாவது வகை திடீரென்று வருவது. சீழ்க்கட்டி உடைவதுபோல மூடி வெடிக்கும். வெடித்த இடத்தில் குருதி உறைந்து சில நிமிடங்களில் வழியை முற்றாக அடைத்துவிடும். இதுவே மாரடைப்பு. மூளைக்குப் போகும் நாடியில் நடந்தால் பாரிசவாதம். பாதி வழியைக்கூட அடைக்காத சிறு கட்டியும் வெடிக்கலாம். ஆகவே “எனக்கு நோ ஒன்றும் இல்லை” என்பது நாடி சுத்தம் என்பதற்குச் சாட்சி ஆகாது.

2. எப்போது தொடங்குகிறது?

முதுமையில் என்று நினைப்போம். கொரிய யுத்தத்தில் இறந்த 300 அமெரிக்கப் போர்வீரர்களின் இதயங்களை வைத்தியர்கள் பரிசோதித்து 1953 இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் முடியுரு நாடிகளில் நோயின் அடையாளம் இருந்தது. ஆக இது இளமையில் விதைபட்டு, சத்தமின்றி வளர்ந்து, ஐம்பதிலும் அறுபதிலும் விளைகிற பயிர். விளையும் காலம் நீண்டதாக இருப்பது ஒரு வகையில் நமக்கு நன்மை. இடையில் தடுத்து நிறுத்த அவகாசம் இருக்கிறது.

தென்னாசியரான நமக்கு அந்த அவகாசம் சற்றுக் குறைவு. இலங்கை உட்பட 52 நாடுகளில் நடத்தி 2004 இல் வெளியிடப்பட்ட ‘இன்ரர்ஹார்ட்’ ஆய்வின் தரவுகளைப் பின்னர் பிரித்துப் பார்த்தபோது, தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53 என்றும், மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59 என்றும் தெரிந்தது. நம்மவரை அது ஆறு வருடம் முந்திப் பிடிக்கிறது.

3. தோட்டத்து உடல் கொழும்புக்கு வந்தபோது

ஊரில் நம்முடைய ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் எழும்பித் தண்ணீர் இறைத்தோம், பாத்தி மாறினோம், கொத்தினோம், களை பிடுங்கினோம். சந்தைக்குச் சைக்கிளில் மூட்டை கட்டிப் போனோம். அந்த வேலைக்கு ஒரு கோப்பை நிறையச் சோறு வேண்டியிருந்தது. கொழும்பு வந்த பின் வேலை போயிற்று. கோப்பை மட்டும் அப்படியே இருந்தது. வெள்ளவத்தையில் இரண்டு அறை வீடு, கொட்டாஞ்சேனையில் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் ஒரு அறை. ஆண்கள் கடையில் கணக்கு எழுதினார்கள், அல்லது வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளின் அழைப்பு வருமென்று தொலைபேசிக்கு அருகில் இருந்தார்கள். பெண்கள் தெரியாத தெருவில் இறங்கத் தயங்கி வீட்டுக்குள்ளேயே நின்றார்கள். காலையில் பிட்டுக்குப் பதில் பாணும் மாஜரீனும், பின்னேரம் ரோல்ஸ், இரவில் கொத்துரொட்டி.

இருப்பதற்கும் நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை லண்டனில் ஜெரமி மொரிஸ் என்ற வைத்தியர் 1953 இல் காட்டினார். ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளரின் விபரங்களை அவர் பார்த்தார். இரட்டைத் தட்டு பஸ்ஸில் சாரதி நாள் முழுதும் இருக்கிறார். நடத்துநர் நாள் முழுதும் படி ஏறி இறங்குகிறார். ஒரே பஸ், ஒரே தெரு. ஆயினும் சாரதிகளுக்கே இதயநோய் கூடுதலாக வந்தது. நடத்துநருக்கு வந்தாலும் அது கடுமை குறைந்ததாக இருந்தது.

இன்னொரு சான்று தென்னமெரிக்காவின் பொலிவியாவில் உள்ள சிமானே மக்கள். பயிர் செய்தும் மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்பவர்கள். அவர்களின் முடியுரு நாடிகளைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வு 2017 இல் வெளிவந்தது. நூற்றுக்கு 85 பேரின் நாடிகளில் சுண்ணாம்புப் படிவு சிறிதும் இல்லை. அவர்கள் பகலில் பெரும் பகுதியை உடல் உழைப்பில் கழிக்கிறார்கள்.

ஆகவே “தோட்டம் கொத்தின உடம்பு” என்று ஐயா சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி. உழைப்பு தரும் பாதுகாப்பு வங்கியில் போட்ட காசு போல் வருடக்கணக்காய் இருந்து வட்டி தராது. உழைப்பு நின்றால் பாதுகாப்பும் தேய்ந்துவிடும்.

4. காரணங்கள்

இன்ரர்ஹார்ட் ஆய்வு மாரடைப்புக்கான ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் காரணமான ஒன்பது விடயங்களைக் காட்டியது. அவற்றில் முக்கியமானவை:

புகைத்தல். நம்மில் பலர் புகையிலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் சுருட்டும் பீடியும் சிகரெட்டும் நாடியின் உட்தோலைக் கெடுக்கின்றன. வெற்றிலையோடு போடும் புகையிலையும் நல்லதல்ல. விட்டு ஒரு வருடத்தில் புகையால் வந்த கூடுதல் இதய ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

கெட்ட கொலஸ்திரோல். மெல்லியவர்களுக்கும் இது உயர்ந்திருக்கலாம். குருதி சோதித்தால்தான் தெரியும்.

உயர் குருதியமுக்கம். தொடர்ந்து 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும்.

நீரிழிவு. சலரோகம் உள்ளவருக்கு நெஞ்சு நோ தெரியாமலே மாரடைப்பு வரலாம்.

வயிற்றுக் கொழுப்பு. தென்னாசிய ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றருக்குள்ளும், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றருக்குள்ளும் இருப்பது நல்லது. ஒரு தையல் நாடா போதும்.

மனப்பாரம். வீடு, காணி, உறவு இழந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தனியே இருந்து யோசிப்பதும் நித்திரையின்மையும் நாடியையும் பாதிக்கின்றன. பக்கத்து வீட்டாரோடு கதைப்பதும், சேர்ந்து நடப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான்.

பரம்பரையையும் வயதையும் நாம் மாற்ற முடியாது. தகப்பனோ சகோதரனோ 55 வயதுக்கு முன், தாயோ சகோதரியோ 65 வயதுக்கு முன் இதயநோய் கண்டிருந்தால் மற்றவர்கள் முந்தியே பரிசோதிக்க வேண்டும்.

5. வைத்தியம்

முதற் படி சோதனை. 2011 முதல் சுகாதார அமைச்சு அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களைத் திறந்து, 35 வயதைத் தாண்டியவர்களின் அமுக்கம், சீனி, நிறை முதலியவற்றை இலவசமாகப் பார்க்கிறது. வெள்ளவத்தையில் இருப்போருக்குக் களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையும், கொட்டாஞ்சேனையில் இருப்போருக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலையும் கிட்டியவை. பாஷை தெரியாதென்று பின்னிற்க வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையையோ அயலவரையோ கூட்டிச் செல்லலாம். கிளினிக் கொப்பியும் பழைய மருந்துத் துண்டுகளும் கையில் இருக்கட்டும்.

இரண்டாம் படி மாத்திரை. கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் மருந்துகளின் கதை விவசாயிகளுக்குப் பிடிக்கும். ஜப்பானில் அக்கிற்றா என்ற இடத்தில் கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர் அக்கிரா எண்டோ. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பூஞ்சண வகைகளைச் சோதித்து, 1973 இல், அரிசியில் பிடித்த ஒரு பூஞ்சணத்திலிருந்து இவ்வகையின் முதல் மருந்தைப் பிரித்தெடுத்தார். ஸ்ரற்றின் கொலஸ்திரோலைக் குறைப்பதோடு கட்டியின் மூடியை உறுதியாக்கி வெடிக்காமலும் காக்கிறது. நோய் உறுதியானவருக்கு அஸ்பிரின், அமுக்கத்துக்கான மருந்து, நெஞ்சு இறுகும்போது நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை என்பவற்றையும் வைத்தியர் தருவார்.

இங்கே பலர் பிழை விடுகிறார்கள். “இப்ப சுகம்” என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சுகமாக இருப்பது மாத்திரை வேலை செய்வதால். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்து தட்டுப்பட்டபோது ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்துச் சாப்பிட்டவர்களையும் அறிவோம். விலை தாங்க முடியாவிட்டால் நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் பல விலைகளில் விற்கப்படுகிறது. மருந்தை அதன் பொதுப் பெயரால் எழுதவும் வாங்கவும் வேண்டுமென்று போராடியவர் நம் நாட்டின் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. அதன் ‘ஒசுசல’ கடைகளில் பொதுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாம் படி, அடைப்பைத் திறத்தல். அஞ்சியோகிராம் என்ற படப்பிடிப்பில் அடைப்பு எங்கே என்று தெரியும். 1977 இல் சூரிச் நகரில் அன்ட்ரியாஸ் குருன்ற்சிக் என்ற வைத்தியர் ஒரு சிறு பலூனை நாடிக்குள் செலுத்தி அடைப்பை விரித்தார். இன்று அதோடு ஸ்ரென்ற் என்னும் கம்பிவலைக் குழாயும் வைக்கிறார்கள். பல இடங்களில் அடைப்பு இருந்தால் காலிலோ நெஞ்சிலோ இருந்து குழாய் எடுத்து மாற்று வழி அமைக்கும் பைபாஸ் சத்திரசிகிச்சை உண்டு. அரச வைத்தியசாலையில் இவற்றுக்குக் காத்திருக்க நேரலாம். திகதி தந்தால் தவறவிட வேண்டாம். ஸ்ரென்ற் வைத்தாலும் நோய் போய்விடவில்லை. வாய்க்காலில் ஓர் இடம் திருத்தியிருக்கிறது, அவ்வளவுதான். மருந்தும் நடையும் தொடர வேண்டும்.

6. சமையலும் நடையும்

நம்முடைய பழைய சாப்பாட்டில் நல்லவை பல உண்டு. சிவப்பரிசி, குரக்கன், ஒடியல், பயறு, முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, சூடை, சாளை போன்ற சிறு மீன்கள் எல்லாம் நாடிக்கு உகந்தவை. கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ என்று பிரித்துக்கொள்ளலாம்.

தேங்காயைப் பற்றிக் கேட்பார்கள். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிறைந்த கொழுப்பு. அது கெட்ட கொலஸ்திரோலை உயர்த்தும். சொதியை விட வேண்டியதில்லை. முதற்பாலைக் குறைத்து, பொரிப்பதைக் குறைத்து, தாளிக்க ஊரில் பாவித்ததுபோல் கொஞ்சம் நல்லெண்ணெய் பாவிக்கலாம். உப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்கிறது உலக சுகாதார அமைப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

நடை கிழமைக்கு 150 நிமிடம். நாளுக்கு அரை மணித்தியாலமாக ஐந்து நாள் போதும். வெள்ளவத்தையில் காலையில் மரைன் டிரைவ் ஓரம் கடற்காற்றில் நடக்கலாம். கொட்டாஞ்சேனையில் நெருக்கம் கூட. வெயிலுக்கு முன் இருவர் மூவராய் இறங்குங்கள். மேல்மாடியில் உரப்பையில் மண் நிரப்பிக் கீரையும் மிளகாயும் வைத்தவர்களுக்குக் கையும் காலும் அசையும், சமையலுக்கும் உதவும்.

7. காணிக்குத் திரும்பும்போது

அமெரிக்காவில் 1993 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கடும் உழைப்பையும் மாரடைப்பையும் ஒப்பிட்டது. கிழமையில் ஐந்து நாளாவது கடுமையாக உடலை அசைப்பவருக்கு, கடும் வேலை செய்த அந்த ஒரு மணித்தியாலத்தில் ஆபத்து இரண்டு மடங்குக்குச் சற்று மேல். பழக்கமே இல்லாதவருக்கு நூறு மடங்குக்கு மேல். முப்பது வருடம் மாடி வீட்டில் இருந்துவிட்டு, ஒரே நாளில் பற்றை வெட்டவும் கிணறு இறைக்கவும் இறங்குபவர் இந்த இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

ஆகவே போகுமுன் சோதியுங்கள். ஒரு மாதமாவது நடந்து பழகுங்கள். முதற் பற்றையை உழவு இயந்திரமோ கூலியாட்களோ வெட்டட்டும். காலை வேளையில் சிறிது நேரம் மட்டும் கொத்துங்கள். தண்ணீர் குடியுங்கள். தனியே நிற்க வேண்டாம்.

நெஞ்சு நடுவில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் நோ, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்கல், ஓங்காளம் என்பன வந்து ஓய்ந்திருந்தும் சில நிமிடங்களில் விடாவிட்டால் அது வாய்வு அல்ல என்றே எடுங்கள். பெண்களுக்கும் சலரோகக்காரருக்கும் நோ தெளிவாக இல்லாமல் களைப்பும் மூச்சு முட்டலும் மட்டும் இருக்கலாம். உடனே இருந்து, 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த இலவச அம்புலன்ஸ் சேவை இப்போது நாடு முழுதும் ஓடுகிறது. தனியே பஸ்ஸிலோ ஓட்டோவிலோ புறப்பட வேண்டாம். அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர் தவிர மற்றவர்கள், அழைப்பில் பேசுபவர் சொன்னால் அதை மென்று விழுங்கலாம். குருதி இல்லாமல் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகிறது. விடியட்டும் என்று பொறுத்தவர்கள் பலர் விடிவைக் காணவில்லை.

வீட்டு விலாசம், ஒழுங்கை, எத்தனையாம் மாடி, பக்கத்திலுள்ள அடையாளம் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த விலாசமும் மறந்துபோகும்.

அந்த ஐயாவைப் பற்றிக் கேட்பீர்கள். அம்மாவின் வற்புறுத்தலால் மறுநாளே வைத்தியசாலைக்குப் போனார். முடியுரு நாடி ஒன்றில் அடைப்பு இருந்தது, ஸ்ரென்ற் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்தே காணிக்குப் போக விட்டார்கள். பற்றையை மருமகன் ஆள் பிடித்து வெட்டுவித்தார். ஐயா வேலியோரம் நின்று எல்லை காட்டினார். அவர் நட்டது பத்து வாழைக்குட்டி. “மிச்சம் வாற மாரிக்கு” என்று எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கலந்துரையாட:

1. நம் வீட்டில் 35 வயதைத் தாண்டியவர்களில் யார் யார் இன்னும் அமுக்கமும் சீனியும் பார்க்கவில்லை?

2. ஊரில் இருந்தபோது செய்த அசைவுகளில் எவற்றைக் கொழும்பில் விட்டுவிட்டோம்? எதை மீண்டும் தொடங்கலாம்?

3. இன்றிரவு வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு இறுகினால் யார் அழைப்பது, யார் கூடப் போவது என்று பேசி வைத்திருக்கிறோமா?